வாலில் உட்கார்ந்த விமானம்

தராசு என்பது அவருக்கு வீட்டில் வைத்த பெயர் இல்லை. விமான நிலையத்தில் பெட்டி ஏற்றுகிறவர்கள் வைத்தது. வைத்து இருபது வருஷத்துக்கு மேலாகிறது. கேண்டீன்காரர் முதற்கொண்டு எல்லோருக்கும் அவர் தராசுதான். சொந்தப் பெயரைச் சொல்லி யாராவது விசாரித்தால் 'அப்படி ஒருத்தரும் இங்கே இல்லையே' என்று திருப்பி அனுப்பிவிடுவார்கள். அவருடைய வேலை அப்படி. ஒரு விமானம் கிளம்புவதற்கு முன்னால் எத்தனை பேர் எந்தெந்த வரிசையில் இருக்கிறார்கள், முன் சரக்கு அறையில் எத்தனை பெட்டி, பின் அறையில் எத்தனை, எரிபொருள் எவ்வளவு என்று கூட்டிக் கழித்து, மொத்தப் பாரமும் எந்த இடத்தில் வந்து உட்காருகிறது என்று ஒரு தாளில் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். பாரம் ரொம்பப் பின்னால் போய்விட்டால் மூக்கு தானாகத் தூக்கிக்கொள்ளும். ரொம்ப முன்னால் போய்விட்டால் மூக்கு எழும்பவே எழும்பாது. இரண்டுமே வம்பு. கேப்டன் அந்தத் தாளை வாங்கிப் பார்த்துத் தலையாட்டின பிறகுதான் கதவைச் சாத்துவார்கள். நூற்றெண்பது பேர் அந்தக் கையெழுத்தை நம்பி மேலே போகிறார்கள். இப்படி ஒரு மனுஷன் கீழே உட்கார்ந்து கணக்குப் போடுகிறான் என்பதே அவர்களுக்குத் தெரியாது.

இருபத்தைந்து வருஷம் வேலை பார்த்ததற்காக ஆபீசில் ஒரு விழா வைத்து அவருக்குப் பரிசு கொடுத்தார்கள். பரிசு கொடுக்கிறவர்களுக்குக் கற்பனை எப்போதுமே கொஞ்சம் கம்மிதான். வாத்தியாராக இருந்தால் பேனா, இவருக்கு ஒரு பிளாஸ்டிக் விமானம். அதுவும் முழுசாக இல்லை, துண்டு துண்டாக. நாமே ஒட்டிக்கொள்ள வேண்டுமாம். நாள் முழுக்க நிஜ விமானத்தோடு மல்லுக்கட்டிவிட்டு வீட்டுக்கு வந்து பொம்மை விமானம் வேறு ஒட்டுவானா ஒருத்தன்? அந்தப் பெட்டி பீரோ மேலே இரண்டு வருஷம் தூசி படிந்து கிடந்தது.

அதை அவர் கீழே இறக்கியது அக்காவைப் பார்த்துவிட்டு வந்த அன்றைக்கு.

அக்கா அவரைவிட நாலு வயசு மூத்தவள். சின்ன வயதில் இவருக்கு வாய்ப்பாடு ஒப்பிக்கச் சொல்லிக்கொடுத்து, தப்பினால் காதைத் திருகினவள். அன்றைக்குக் கதவைத் திறந்து, இவரை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "மீட்டர் வெளியில இருக்கு, பாத்துக்கோங்க" என்றாள். கரண்ட் ரீடிங் எடுக்க வந்த ஆள் என்று நினைத்துவிட்டாள். அவருக்குச் சிரிப்புத்தான் முதலில் வந்தது. பின்னால் நின்ற அத்தானின் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பு எங்கே போயிற்று என்று தெரியவில்லை.

சமையலறையில் அத்தான் மெல்லிய குரலில் சொன்னார். "மறக்கறதுகூடப் பரவாயில்லப்பா. எல்லாருந்தான் மறக்கறோம். செய்யாததச் செஞ்சேன்னு சொல்லுவா பாரு, அதுதான் ஆரம்பம். காஸ மூடினேன், இந்தக் கையாலதான் மூடினேன், அப்போ ஜன்னல்ல ஒரு காக்கா உட்கார்ந்திருந்துச்சுன்னு அடிச்சு சொன்னா. போய்ப் பாத்தா அடுப்பு எரியுது."

"டாக்டர் என்ன சொல்றார்?"

"என்ன சொல்லுவார். உங்க குடும்பத்துல வேற யாருக்காவது இருந்துச்சான்னு கேட்டார்."

இருந்தது. அப்பா கடைசிக் காலத்தில் செருப்பை ஃபிரிட்ஜில் வைத்தவர். அதை அப்போது வயசாகிவிட்டது என்று எல்லோரும் சிரித்து முடித்துவிட்டார்கள். பஸ்ஸில் திரும்பி வரும்போது தராசு கணக்குப் போட்டார். அப்பாவுக்கு அறுபத்தெட்டில். அக்காவுக்கு அறுபதில். தனக்கு இப்போது ஐம்பத்தாறு. கணக்கு என்று வந்துவிட்டால் அவருக்கு மேலே போடாமல் இருக்க முடியாது, இந்தக் கணக்கை மட்டும் பாதியில் நிறுத்தினார்.

வீட்டுக்கு வந்து ஸ்டூல் போட்டு ஏறி அந்தப் பெட்டியை இறக்கினார். தொண்ணூற்றிரண்டு துண்டுகள், முப்பத்திநாலு படிகள் என்று மேலே போட்டிருந்தது. முப்பத்திநாலு படியையும் ஒன்றுகூட விடாமல், வரிசை தப்பாமல் செய்து முடித்துவிட்டால் தலை சரியாக இருக்கிறது என்று அர்த்தம். இதுதான் அவர் தனக்குத்தானே வைத்துக்கொண்ட பரீட்சை. யாரிடமும் சொல்லவில்லை.

மனைவி கதவோரம் நின்று பார்த்தாள். "ஐம்பத்தாறு வயசுல பொம்ம பண்ணப் போறீங்களாக்கும்?"

"பொழுது போகல."

"பொழுது போகலன்னா அந்தக் குளியலறைக் குழாயப் பாருங்க. ஆறு மாசமா சொட்டுது."

காலை ஐந்து மணி ஷிஃப்ட் முடிந்து மத்தியானம் வீட்டுக்கு வந்து சாப்பிட்டதும், ஜன்னலோர மேசையில் செய்தித்தாளை விரித்து உட்காருவார். துண்டுகளெல்லாம் ஒரு சட்டத்தோடு சின்னச் சின்னக் காம்பால் ஒட்டிக்கொண்டிருந்தன. ஒவ்வொன்றாகக் கட்டரால் நறுக்கி எடுக்க வேண்டும். நறுக்கின இடத்தில் துருத்திக்கொண்டு நிற்பதை உப்புத்தாளால் தேய்க்க வேண்டும். அதிகம் தேய்த்தால் பள்ளம் விழும், குறைத்துத் தேய்த்தால் பொருந்தாது. பசையைக் குச்சி முனையில் தொட்டு வைக்க வேண்டும். ஒரு சொட்டு கூடினாலும் பிளாஸ்டிக் இளகி அசிங்கமாகிவிடும். முதல் இரண்டு நாள் விரலோடு விரல் ஒட்டிக்கொண்டது. மூன்றாம் நாள் கை பழகிவிட்டது. ஒரு படி முடிந்ததும் விளக்கத்தாளில் பென்சிலால் டிக் போட்டார். ஒவ்வொரு டிக்குக்கும் நெஞ்சு கொஞ்சம் லேசானது.

எட்டாவது படி அவருக்குப் பிடித்த படி. உடலின் இரண்டு பாதிகளையும் சேர்த்து ஒட்டுவதற்கு முன்னால் மூக்குக்குள் பத்து கிராம் பாரம் வைக்கச் சொல்லியிருந்தது. வைக்காவிட்டால் விமானம் சக்கரத்தில் நிற்காது, பின்னால் சாய்ந்து வாலில் உட்கார்ந்துவிடும். இதைப் படித்ததும் தராசு வாய்விட்டுச் சிரித்தார். "எனக்கேவா!" என்று மனைவியைக் கூப்பிட்டுக் காட்டினார். மறுநாள் மீன்பிடிச் சாமான் விற்கிற கடையில் தூண்டிலில் கட்டுகிற ஈயக்குண்டு வாங்கிவந்தார். கடைக்காரர் ஒரு சின்னக் காகிதப் பையில் போட்டு ஸ்டேப்ளர் பின் அடித்துக் கொடுத்தார்.

ஐந்து குண்டு. மூக்குக்குள் பசை தடவி ஒவ்வொன்றாக அழுத்தி வைத்தார். அசையாமல் இருக்கப் பஞ்சு அடைத்தார். அப்போது கீழ்வீட்டுக்காரர் ஸ்கூட்டரை உதைத்து உதைத்துக் கிளப்பப் பார்த்துக்கொண்டிருந்தார், ஏழாவது உதையில்தான் கிளம்பியது. அப்புறம் இரண்டு பாதியையும் சேர்த்து ஒட்டி, ரப்பர் பேண்டு போட்டு, துணிக் கிளிப் மாட்டி வைத்தார். டிக்.

மூன்று வாரம் ஆயிற்று. இறக்கை, என்ஜின், தண்ணீரில் ஊறவைத்து வழுக்கி இறக்குகிற ஜன்னல் ஸ்டிக்கர்கள், எல்லாம் முடிந்து கடைசியில் சக்கரம். பசை காய்ந்ததும் மனைவியைக் கூப்பிட்டு, அவள் பார்க்கப் பார்க்க விமானத்தை மேசைமேல் நிறுத்திக் கையை எடுத்தார்.

விமானம் ஒரு நொடி நின்றது. பிறகு மூக்கைத் தூக்கி, வாலை மேசையில் இடித்து, அப்படியே உட்கார்ந்துவிட்டது.

"அய்யய்யோ, பின்னாடி குந்திடுச்சே!" என்று மனைவி கைகொட்டிச் சிரித்தாள். "ஊருக்கெல்லாம் பாரம் பாக்கறவர் வீட்டு விமானத்தப் பாருங்க!" பிறகு அவர் முகத்தைப் பார்த்தாள். சிரிப்பு பாதியில் நின்றது. "என்னங்க?"

"ஈயம் வச்சேன்" என்றார் தராசு. "வச்சேனே. நல்லா ஞாபகம் இருக்கு. கீழ்வீட்டு ஸ்கூட்டர் ஏழாவது உதையில கிளம்பிச்சு."

சொல்லும்போதே அத்தான் சொன்ன காக்கா நினைவுக்கு வந்துவிட்டது.

"பசை விட்டுப் போயி பின்னாடி உருண்டிருக்கும்" என்றாள் மனைவி. "அதனாலதான் வால் பாரமா இருக்கு."

அப்படியும் இருக்கலாம். அப்படித்தான் இருக்க வேண்டும். ஈயம் உள்ளே வாலுக்கு உருண்டு போய்ப் பசையில் ஒட்டிக்கொண்டிருந்தால் அவர் தலை சரியாக இருக்கிறது. உள்ளே ஈயமே இல்லை என்றால் சரியாக இல்லை. இரண்டில் எது என்று கண்டுபிடிப்பது அவருக்கு ஒரு வேலையே இல்லை. எழுபது டன் விமானத்தில் பாரம் எங்கே இருக்கிறது என்று தொடாமலே சொல்கிற ஆள், உள்ளங்கை அகலப் பொம்மையை இரண்டு விரலில் ஏந்திப் பார்த்தால் போதும், சொல்லிவிடலாம். அவர் ஏந்திப் பார்க்கவில்லை. வாலில் உட்கார்ந்தது உட்கார்ந்தபடியே அலமாரியில் வைத்துவிட்டு, அந்தப் பக்கம் பார்க்காமல் நடமாடக் கற்றுக்கொண்டார். தெரியாமல் இருக்கிற வரைக்கும் பாதி நல்லதுதானே என்று ஒரு சமாதானம். நீங்களும் நானும் அப்படித்தான் செய்திருப்போம், இதில் அவரை மட்டும் குறை சொல்லி என்ன பண்ண?

ஆபீசில் எதையும் இரண்டு தரம் பார்க்க ஆரம்பித்தார். பிறகு மூன்று தரம். வீட்டுக் கதவைப் பூட்டிவிட்டுப் படியிறங்கி, மறுபடி ஏறிப்போய்ப் பூட்டை இழுத்துப் பார்த்தார். சட்டைப்பையில் சின்னச் சின்னச் சீட்டுகள் சேர்ந்தன. போன வாரத்தில் புதன்கிழமை என்ன செய்தோம் என்று ஒருநாள் யோசித்துப் பார்த்தார், ஒன்றும் கிடைக்கவில்லை. சரி, புதன்கிழமையையெல்லாம் யார் ஞாபகம் வைத்துக்கொள்கிறார்கள் என்று விட்டுவிட்டார். மனைவி மட்டும் புதுப்பழக்கமாகப் பதினோரு மணிக்கு போன் பண்ணி "சாப்டீங்களா?" என்று கேட்க ஆரம்பித்திருந்தாள்.

அப்புறம் அந்த வெள்ளிக்கிழமை வந்தது. காலை ஏழு மணி விமானம். கடைசி நேரத்தில் ஒரு விளையாட்டுக் குழு மொத்தமாக வந்து பின் வரிசைகளில் ஏறியது, ஒவ்வொருத்தனும் மலை மாதிரி. பின்பாரம் கூடிவிட்டதால் பின் அறையிலிருந்து பதினோரு பெட்டியை முன் அறைக்கு மாற்ற வேண்டும். தராசு கணக்குப் போட்டுப் பதினொன்று என்று எழுதிக்கொண்டார். கீழே பெட்டி ஏற்றுகிற ஆட்களுக்குத் தலைவர் மீசை. மீசையிடம் வாக்கிடாக்கியில் சொல்லிவிட்டு டிக் போடுவது வழக்கம். கொஞ்ச நேரம் கழித்துத் தாளைப் பார்த்தால் பதினொன்று இருக்கிறது, டிக் இல்லை.

ஜன்னல் வழியாகப் பார்த்தார். விமானத்தின் கதவுகள் சாத்தியாயிற்று. பின்னுக்குத் தள்ளுகிற டிராக்டர் மூக்கில் வந்து மாட்டிக்கொண்டிருந்தது. சொன்னோமா? சொன்ன மாதிரியும் இருந்தது. சொன்ன மாதிரி இருப்பதுதான் இப்போது பயமே. வாக்கிடாக்கியை எடுத்தார்.

"மீசை, அந்தப் பதினோரு பெட்டி?"

"மாத்தியாச்சு அண்ணே."

"யார் சொன்னா?"

கொஞ்சம் இரைச்சல். "நீங்கதாண்ணே சொன்னீங்க. ரெண்டு தடவ சொன்னீங்க."

ஒரு தடவைகூட அவருக்கு ஞாபகம் இல்லை. "நிறுத்து! தள்ள விடாத! கதவத் திறந்து எண்ணு!" என்று கத்தினார். அறையில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். பிறகு எல்லோரும் ஒரே சமயத்தில் தங்கள் தங்கள் தாளைப் பார்க்க ஆரம்பித்தார்கள்.

கதவைத் திறந்து எண்ணினார்கள். பதினொன்றும் முன் அறையில் இருந்தன. விமானம் இருபது நிமிஷம் தாமதமாகக் கிளம்பியது. இருபது நிமிஷத் தாமதத்துக்கு மெமோ நிச்சயம், ஆபீசர் வந்து கிழிகிழி என்று கிழிக்கப் போகிறார் என்று தராசு எழுந்து நின்று காத்திருந்தார். ஆபீசர் இவரைவிடப் பதினைந்து வயசு சின்னவர், தாமதம் என்றால் யாரையும் விட்டுவைக்காத ஆள். அவர் வந்தார், ஒரு டீயை மேசைமேல் வைத்தார். "உட்காருங்க சார். நல்லதுக்குத்தானே நிறுத்தினீங்க" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

அந்த டீயைக் குடிக்கத் தராசுக்குத் துணிச்சல் வரவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். செய்யாததைச் செய்ததாக நினைக்கிறேனோ என்னவோ, செய்ததைச் செய்யவில்லை என்று நினைக்கிறேன், இனிமேல் என் தலைக்குள் இருக்கிற எதை நம்புவது என்று யோசிக்க யோசிக்க உட்கார்ந்திருந்த நாற்காலியே ஆடுவது போல இருந்தது.

மத்தியானம் வீட்டுக்கு வந்ததும் சட்டையைக்கூடக் கழற்றாமல் அலமாரியிலிருந்து விமானத்தை எடுத்தார். மேசையில் வைத்து, ஒட்டின கோட்டில் கத்தி முனையை நுழைத்துக் கீறினார். அவசரத்தில் இரண்டு ஜன்னல் கிழிந்தது. மனைவி வந்து எதிரே உட்கார்ந்தாள். வேண்டாம் என்று சொல்லவில்லை. 'படக்'கென்று உடல் இரண்டாகப் பிளந்தது.

மூக்கில் ஒன்றும் இல்லை. வாலிலும் இல்லை. பஞ்சு இல்லை, பசை தடவின அடையாளம்கூட இல்லை. தொழிற்சாலையிலிருந்து வந்தபோது எப்படி இருந்ததோ அப்படி வழவழவென்று இருந்தது.

மேசை டிராயரை இழுத்துத் துழாவினார். கட்டருக்கும் உப்புத்தாளுக்கும் அடியில் அந்தக் காகிதப் பை கிடந்தது. கடைக்காரர் அடித்த ஸ்டேப்ளர் பின் பிரிக்காமல் அப்படியே இருந்தது.

தராசு அழுதார். கல்யாணமாகி முப்பது வருஷத்தில் மனைவி எதிரில் அழுதது அப்போதுதான். எல்லாவற்றையும் கொட்டினார். அக்கா, அத்தான் சொன்னது, முப்பத்திநாலு படி, டிக், வெள்ளிக்கிழமை விமானம், ரெண்டு தடவ சொன்னீங்க. மனைவி அவருடைய கையைப் பிடித்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தாள். குறுக்கே விழுந்து பேசவில்லை, அதெல்லாம் ஒன்றும் இல்லை என்று அடித்துப் பேசவும் இல்லை.

"எப்போலேருந்துங்க இப்படி இருக்கு?"

"தெரியல. அக்கா வீட்டுக்குப் போயிட்டு வந்ததுலேருந்துதான் கவனிக்கிறேன்."

"வேற யாருக்காவது தெரியுமா?"

"யாருக்கும் தெரியாது. உங்கிட்டதான் மொதல்ல சொல்றேன்."

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "இப்போ என்ன பண்ணணும்னு நினைக்கிறீங்க?"

"நாளைக்கே ஆபீசர்கிட்ட சொல்லிடறேன். இனிமே நான் கையெழுத்துப் போடக் கூடாது. நூத்தெண்பது பேரு."

"நானும் வரட்டுமா?"

"வேண்டாம். இத நானே பண்ணணும்."

சரியென்று தலையாட்டினாள். அவள் இவ்வளவு பொறுமையாக, இவ்வளவு சரியாகக் கேட்பாள் என்று தராசு நினைக்கவே இல்லை. இத்தனை நாள் இவளிடம் போய் மறைத்தோமே என்று இருந்தது. அன்றைக்கு ராத்திரி வெகுநாளைக்குப் பிறகு நன்றாகத் தூங்கினார்.

மறுநாள் காலை ஆபீசர் அறைக்குப் போய்க் கதவைச் சாத்தினார். நின்றுகொண்டே ஒப்பிக்கிறவர் மாதிரி சொல்லி முடித்தார். "இனிமே என் கையெழுத்துல ஒரு விமானமும் போகக் கூடாது சார். வேற ஆள் போடுங்க."

ஆபீசர் அதிர்ச்சி அடையவில்லை. பேனாவை மூடி வைத்தார், திறந்தார், மறுபடி மூடினார்.

"உட்காருங்க சார்."

"பரவாயில்ல, நிக்கறேன்."

"சார், இத நீங்க போன வாரம் புதன்கிழமையே எங்கிட்ட சொல்லிட்டீங்க."

தராசு உட்கார்ந்தார்.

"அன்னிலேருந்து உங்க தாள் எதுவும் விமானத்துக்குப் போகல. பக்கத்து ரூம்ல இன்னொருத்தர் மொதல்லேருந்து போடறார், போறது அவர் கையெழுத்து. டாக்டர்கிட்ட இருபதாம் தேதிக்கு நேரம் வாங்கியிருக்கு. எல்லாம் நீங்க சொன்னபடிதான் சார்."

"நான் சொல்லலியே" என்றார் தராசு. குரல் அவருடையதாகவே இல்லை.

ஆபீசர் டிராயரைத் திறந்து ஒரு தாளை எடுத்து அவர் பக்கம் நகர்த்தினார். தராசின் கையெழுத்து, தராசு போடுகிற ஏழு, தராசு போடுகிற தேதி. ஒரு எழுத்துப் பிழை கிடையாது. என் தாள்களை இன்று முதல் விமானத்துக்கு அனுப்ப வேண்டாம் என்று எழுதியிருந்தது. டாக்டரைப் பார்க்கும் வரை என் நாற்காலியில் உட்கார மட்டும் விடுங்கள் என்று எழுதியிருந்தது. கடைசியில், இதை நான் மறந்துவிட்டால் நானாக வந்து கேட்கிற வரை எனக்கு ஞாபகப்படுத்த வேண்டாம், என் அக்காவுக்கு அவள் நோயைப் பற்றிச் சொல்லும்போதெல்லாம் அவள் புதிதாகப் பயந்தாள், எனக்கு ஒரு தடவை பயந்தது போதும் என்று இருந்தது.

தராசு அதை இரண்டு முறை படித்தார். எழுதினவன் நல்ல தைரியசாலியாக இருக்க வேண்டும் என்று தோன்றியது. அவன் யார் என்றுதான் தெரியவில்லை.

"இது வீட்டுல தெரிய வேண்டாம் சார்" என்றார். "நேத்துதான் அவகிட்ட மொதல் தடவையா சொன்னேன். அதுக்கே பாவம் அழுதுட்டா. போன வாரமே எழுதிட்டேன்னு தெரிஞ்சா தாங்க மாட்டா."

ஆபீசர் தாளின் கீழ்ப்பக்கத்தை விரலால் தொட்டுக் காட்டினார்.

தராசின் கையெழுத்துக்குக் கீழே இன்னொரு கையெழுத்து இருந்தது. மனைவியுடையது.

"மேடம் கூடத்தான் சார் வந்தீங்க. நீங்க எழுதி முடிக்கிற வரைக்கும் பக்கத்துலயே இருந்தாங்க."

எப்போலேருந்துங்க இப்படி இருக்கு? வேற யாருக்காவது தெரியுமா? இப்போ என்ன பண்ணணும்னு நினைக்கிறீங்க? நேற்று அவள் கேட்டதெல்லாம் வரிசையாக, ஒன்றுகூட விடாமல் அவருக்கு நினைவு வந்தது. எல்லாம் தெரிந்தவள் ஒன்றும் தெரியாதவள் போல, எங்கே நிறுத்த வேண்டுமோ அங்கே நிறுத்தி, எங்கே அழ வேண்டுமோ அங்கே அழுது கேட்டிருக்கிறாள்.

நேற்று நான் அவளிடம் சொன்னது எத்தனையாவது தடவை என்று ஆபீசரைக் கேட்கத் தராசு வாயைத் திறந்தார். கேட்கப் பயமாக இருந்தது. மூடிக்கொண்டார்.